ஐந்தாம் மாதம், ரத்தம் 9.2: மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிட்டும் ஏறவில்லை, என்ன செய்வது?

சுருளிச்சாரல் (தேனி):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன வாரம் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. மூன்றாம் மாதத்தில் 10.1 இருந்தது, இரண்டே மாதத்தில் இறங்கிவிட்டது. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு "நல்லா சாப்பிடும்மா, மாத்திரையை விடாதே" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நல்லா என்றால் எதை என்று கேட்க வாய் வரவில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சாப்பிடாமலும் இல்லை. காலையில் எழுந்ததும் டீ. அப்புறம் இட்லியோ தோசையோ சாப்பிட்டு, கையோடு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒரு டம்ளர் பாலோடு போட்டுவிடுவேன், பிறகு மறந்துபோகும் என்று. பதினொரு மணிக்கு அத்தை மாதுளை உரித்துத் தருவார். வாரத்தில் நான்கு நாள் பீட்ரூட் பொரியல். ராத்திரி மூன்று பேரீச்சம்பழம், குங்குமப்பூ போட்ட பால். இவ்வளவுக்கும் ரத்தம் ஏறவில்லை.

கூடாது என்று சொல்பவையும் நிறைய. பப்பாளி, அன்னாசி, எள் மூன்றும் கலைத்துவிடும். மீன், முட்டை, கருவாடு சூடு. கத்தரிக்காய் சாப்பிட்டால் பிள்ளைக்குக் கரப்பான் வரும். பக்கத்து வீட்டு அக்கா "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்கிறார். ஓரகத்தி "ரொம்பச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன்தான், பார்த்துக்கோ" என்கிறாள். என் அத்தைக்கு என் மேல் அவ்வளவு பாசம், அதனால்தான் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை):

தங்கச்சி, முதலில் பயப்படாதே. எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது 8.8, அதுவும் ஏழாம் மாதத்தில். அதிலிருந்து 11 வரை ஏற்றித்தான் பெற்றேன். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்றுதான் கணக்கு. 2019-21இல் நாடு முழுக்க எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேர், ரத்தசோகையோடு இருந்தார்கள். உனக்கு மட்டும் வந்த குறை இல்லை இது.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக மாறும் என்ற நினைப்பு நம் ஊரில் எல்லாரிடமும் உண்டு, என் அம்மாவும் எனக்கு பீட்ரூட்டாகத்தான் கொடுத்தார். நூறு கிராம் மாதுளை முத்தில் இரும்புச்சத்து கால் மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும். மூன்று பேரீச்சம்பழத்தில் அது எப்படி வரும்? அவற்றை நிறுத்த வேண்டாம், நல்ல பண்டங்கள்தான், ஆனால் ரத்தத்துக்காக அவற்றை நம்பி இருக்காதே.

எனக்கு என்ன ஏறியது என்று சொல்கிறேன். ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் கறிக்கடையில் சொல்லிவைத்து சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வருவார். நன்றாக அலசி, மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு உள்ளே சிவப்பு துளிகூடத் தெரியாத அளவுக்கு வேகவைத்து வதக்கித் தருவார் என் அம்மா. ஆட்டுக்கறியில், சுவரொட்டியில், மீனில் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டும். கீரை, பயறில் இருப்பது அவ்வளவு சுலபமாக ஒட்டாது, ஆனால் கூடவே புளிப்பாக ஏதாவது சேர்த்தால் நன்றாகவே ஒட்டும். ஈரலை மட்டும் அடிக்கடி எடுக்காதே, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு அது ஆகாது.

கறி தினமும் முடியாது இல்லையா. அதனால் வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. முதல் நாள் ராத்திரியே டிவி பார்த்துக்கொண்டே உருவி வைத்துவிடுவேன். காலையில் சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து, கீரையைப் போட்டு சுருண்டு வந்ததும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் அந்த வைட்டமின் சி போய்விடும், இறக்கினபின் பிழி. கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல், தட்டைப்பயறு குழம்பு, கொள்ளு ரசம், கம்பு தோசை இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிப் போடு. பிற்பகலில் ஒரு கொய்யா, இல்லாவிட்டால் ஒரு பெரிய நெல்லிக்காய்.

பப்பாளி விஷயத்தில் உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. பப்பாளிக் காய், பாதி பழுத்தது, இரண்டிலும் பால் இருக்கும், அந்தப் பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது, அதைத் தொடக்கூட வேண்டாம். நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் இருக்காது. அன்னாசி இரண்டு துண்டு சாப்பிட்டுக் கரு கலைந்ததாக என் டாக்டர் கண்டதில்லை என்றார். எள் துவையல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதால் ஒன்றும் ஆகாது, அதில் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் நிறைய. இவை இல்லாமலும் பிள்ளை பெறலாம், அதனால் அத்தை மனசு கஷ்டப்படும் என்றால் பப்பாளியையும் அன்னாசியையும் அவருக்காக விட்டுக்கொடு. முட்டையை மட்டும் விட்டுக்கொடுக்காதே, அதற்காகக் கொஞ்சம் மல்லுக்கட்டினாலும் தப்பில்லை.

குங்குமப்பூவால் பிள்ளை சிவப்பாகப் பிறக்காது. நிறம் அப்பா அம்மா வழியாக வருவது. கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

ரெண்டு உசுருக்கு என்று இரட்டிப்பாகச் சாப்பிடத் தேவையில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாக 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அதற்குள் முடிந்தது. மொத்தத்தில் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ எடை கூடலாம். ஓரகத்தி சொல்வதைக் கேட்டு வயிற்றைக் காயப்போட்டு விடாதே, பிள்ளை எடை குறைந்து பிறந்தால் அது வேறு பாடு.

கிராமசெவிலி (திண்டுக்கல் பக்கம்):

நான் கிராம சுகாதார செவிலியராக 22 வருடமாக வேலை பார்க்கிறேன். மேலே வைகைக்கரை சொன்ன சாப்பாடு எல்லாம் சரி. ஆனால் நீங்கள் மாத்திரை போடுகிற விதத்தை எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. சாப்பாட்டை மாற்றும் முன் அதை மாற்றுங்கள்மா.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது. பாலோடும் போடக் கூடாது. பாலில் இருப்பதும் கால்சியம்தான், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. அதற்கு முன்னால் டீ வேறு. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் தினமும் தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறீர்கள், ஆனால் அதில் பெரும்பகுதி வீணாகப் போயிருக்கிறது. இது உங்கள் தப்பு இல்லை. மாத்திரையைக் கையில் கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இனி இப்படிச் செய்யுங்கள். கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று போடுங்கள். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். ராத்திரிப் பாலை மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிடுங்கள். டீ வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடியுங்கள், சாப்பாட்டோடு வேண்டாம். ராத்திரி போடுவதில் இன்னொரு வசதி, வயிற்றைப் புரட்டுவதற்குள் தூங்கிவிடுவீர்கள்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றும் இல்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை. இந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்துதான் பல பெண்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஒரு வீட்டில் அரிசிப் பானையை நகர்த்தினேன், பின்னால் மூன்று மாத மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அந்தப் பெண் என்னிடம் ஒவ்வொரு மாதமும் "போட்டேன்க்கா" என்றுதான் சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதத்தில் 6.4. ரத்தம் ஏற்றித்தான் பிரசவம் பார்த்தோம், அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. நம் உடம்பில் ரத்தம் குறைவாக இருந்தால் பிரசவத்தின்போது போகிற சாதாரண ரத்தப்போக்கைக்கூட உடம்பு தாங்காது. அதனால்தான் இந்த எண்ணை விடாமல் துரத்துகிறோம்.

அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். 9.2 என்றால் ஒரு நாளைக்கு இரண்டு போடச் சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம். பூச்சி மாத்திரை ஒன்று, அல்பெண்டசோல், நான்காம் மாதத்துக்கு மேல் ஒரு தடவை கொடுப்பார்கள், போட்டீர்களா என்று பாருங்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் எதைத் தின்றாலும் ரத்தம் ஏறாது. ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டால் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து ஊசி, டிரிப்ஸில் போடுவார்கள், அதற்கும் பயப்படாதீர்கள்.

பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) வாங்கிவிட்டீர்களா? அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்கில் வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் உள்ளே இருக்கும். தயவுசெய்து அதை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிடாதீர்கள், அது உங்களுக்கு என்றே கொடுப்பது. அங்கன்வாடி சத்துமாவும் வாங்குங்கள். ருசி பிடிக்கவில்லை என்றால் நெய்யில் வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து வையுங்கள், கொழுக்கட்டையாகவும் செய்யலாம்.

சுருளிச்சாரல்:

அக்கா, படித்ததும் அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாள் பாலோடு போட்டால் சத்து என்று நினைத்துத்தான் போட்டேன். அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "நர்ஸம்மா சொன்னா சரிதான்" என்றுவிட்டார். முட்டைக்கு இன்று முதல் அனுமதி, மீனுக்கு இன்னும் யோசிக்கிறார்.

அடுத்த மாதம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துப் பரிசோதனை இருக்கிறதாம். எனக்குச் சர்க்கரை இல்லையே, அது எதற்கு? அப்புறம் பிள்ளை பிறந்த பிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்போது படிக்க நேரம் இருக்காது.

கிராமசெவிலி:

அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மட்டும் சிலருக்குச் சர்க்கரை ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. இந்த எளிய முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வாந்தி வரலாம், மெதுவாகக் குடியுங்கள், கூட யாரையாவது அழைத்துப் போங்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி):

நான் ஒரு அப்பா. பெண்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் மீன் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. தங்கச்சி, உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள், சின்ன மீன் நல்லது. மத்தி (எங்கள் பக்கம் சாளை), நெத்திலி, சங்கரா வாரம் இரண்டு தடவை தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு மத்தியில் இருக்கிற அளவுக்கு விலை கூடின பல மீனில்கூட இருக்காது. மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் பாதரசம் அதிகமாகச் சேரும். சுறாவும், ஆளுயரத்துக்கு இருக்கிற சூரையும் கர்ப்பத்தின்போது வேண்டாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு என்பது எங்கள் கடற்கரையில் வழிவழியாக வருவது, என் மனைவிக்கும் அம்மா தினமும் செய்தார். பச்சிளம் குழந்தை மருத்துவர்தான் வாரம் ஒரு நாளோடு நிறுத்தச் சொன்னார். மற்ற நாளில் நெத்திலிக் கருவாடும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்தோம், பாலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

எழுத வந்த முக்கிய விஷயம் வேறு. எங்கள் மகனுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சொட்டுத் தண்ணீர் தரவில்லை. ஆறு மாதத்தில் 7.2 கிலோ. அதற்கப்புறம்தான் தப்பு செய்தோம். பிள்ளைக்குச் செரிக்காது என்று அரிசிக் கஞ்சியை வடிகட்டி, மேலாகத் தெளிந்த தண்ணியைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தோம். வயிறு நிறைந்தது, பிள்ளை அழவில்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். எட்டாம் மாத முடிவில் தராசில் போட்டால் 7.4. இரண்டு மாதத்தில் இருநூறு கிராம். அட்டையில் கோடு படுத்துக் கிடக்கிறது. அந்த மருத்துவர் கோபப்படவில்லை, மேசையில் இருந்த கரண்டியை எடுத்து ஒரு விஷயம் காட்டினார். "சாப்பாட்டைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, கரண்டியிலேயே நிற்க வேண்டும். ஓடினால் அது தண்ணீர், நின்றால்தான் சாப்பாடு."

அன்றிலிருந்து அதையே வைத்துக்கொண்டோம். குழைய வேகவைத்த சாதமும் பாசிப்பருப்பும் சேர்த்து மத்தால் கடைந்து, ஒரு தேக்கரண்டி நெய். மிக்ஸியில் போட்டு மாவாக்கவில்லை, கையால் மசித்ததுதான். அப்புறம் மசித்த வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேழ்வரகுக் கூழ் கெட்டியாக. ஒரு வாரம் கழித்து நன்றாக வெந்த முட்டை மஞ்சள் கரு, பிறகு வெள்ளையும். முள் எடுத்த மீனை விரலால் நசுக்கி, ஒரு முள்கூட இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகுதான் கொடுப்போம். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்கவில்லை. பத்தாம் மாதத்தில் 8.3 வந்தது. என் மனைவி அந்த அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் இருக்கிற இரும்பு பிள்ளைக்குப் போதாது, பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் தீர்ந்துவிடும். அதனால்தான் பருப்பு, முட்டை, மீன், கறி. வெறும் கேழ்வரகு, வெறும் சாதம் மட்டும் போதாது. முழு வேர்க்கடலை, திராட்சை, கடினமான கேரட் துண்டு மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும், பொடித்தோ வேகவைத்தோ கொடுங்கள். முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும், பிறகு மெதுவாக அரைக் கிண்ணம். துப்பினால் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், என் மகன் கீரையைப் பத்து நாள் துப்பி, பதினொன்றாம் நாள் விழுங்கினான்.

கொல்லைப்புறம் (கும்பகோணம்):

எனக்கு 67 வயது. நாலு பிள்ளை பெற்றேன், ஏழு பேரப் பிள்ளைகளுக்குப் பத்தியம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் பழையதையெல்லாம் தப்பு தப்பு என்று சொல்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் ஒரு வேலை தொடவிடாமல் உட்காரவைத்துச் சோறு போட்டோம். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டோம், மிளகு சீரகம் வறுத்து அரைத்த குழம்பு, சுக்கு லேகியம், கருவாடு, முருங்கைக்கீரை. இதிலெல்லாம் என்ன குறை? பிள்ளைக்கு உரை மருந்து இழைத்துக் கொடுத்தோம், வயிற்று உப்புசம் நின்றது. பிறந்ததும் தாத்தா கையால் நாக்கில் இனிப்பு தொட்டுச் சேனை வைத்தோம். பத்தியத்தில் பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்தோம், வயிறு போடாமல் இருக்க. இப்போது எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார்கள்.

கிராமசெவிலி:

அம்மா, நீங்கள் எழுதியதை மதிப்போடு படித்தேன். நாற்பது நாள் ஓய்வு, பூண்டு, மிளகு, கருவாடு, கீரை இவை எல்லாமே பெரிய நன்மை, இப்போதைய பெண்களுக்கு அந்த நாற்பது நாள் கிடைப்பதில்லையே என்பதுதான் என் கவலை. அவற்றை விடச் சொல்லவே மாட்டேன். மூன்றை மட்டும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்கக் கூடாது அம்மா. தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான், பெற்றவள் குடிக்காமல் அது எங்கிருந்து வரும். வயிறு தொங்குவதற்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. வெந்நீராக வேண்டுமானால் கொடுங்கள், சீரகம் போட்டும் கொடுங்கள், ஆனால் தாகம் தீரக் கொடுங்கள். காயும் பழமும் சேர்த்துக் கொடுங்கள். பால் கொடுப்பவளுக்குக் கர்ப்ப காலத்தைவிடக் கூடச் சாப்பாடு வேண்டும், முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக. வெறும் மிளகு ரசமும் சோறும் அவளுக்குப் போதாது.

இரண்டாவது, சேனை. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப் பாலோ, பிறந்த பிள்ளை வாயில் எதுவும் வேண்டாம். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கக்கூடும், பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து உடம்பைத் தளரச் செய்துவிடும், மூச்சே நிற்கலாம். தாத்தா ஆசையை நாங்கள் தடுக்கவில்லை. பிள்ளையைத் தாத்தா கையில் கொடுங்கள், மடியில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். வாய்க்கு முதலில் போக வேண்டியது சீம்பால்தான், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள், ஆபரேஷன் ஆனாலும்கூட. மஞ்சளாகக் கெட்டியாக ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், "பால் வரவில்லை" என்று அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பவுடர் பால் தேடுகிறார்கள். பிறந்த பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான் இருக்கும்.

மூன்றாவது உரை மருந்து. வசம்பையும் மாசிக்காயையும் கல்லில் எவ்வளவு இழைக்கிறோம் என்று அளவே கிடையாது, கல்லும் தண்ணீரும் சுத்தமா என்பதும் தெரியாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதும் வைட்டமின் டி சொட்டும் தவிர எதுவும் வேண்டாம். கோடையிலும் தண்ணீர் வேண்டாம். பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

கொல்லைப்புறம்:

சரிம்மா. தண்ணீர் விஷயம் எனக்குப் புதிது. என் கடைசி மகள் பிள்ளை பெற்று வந்து படுத்திருந்தபோது நாக்கு வறண்டு ஒரு வாய் தண்ணீர் கேட்டாள், நான் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அது இப்போது நினைவுக்கு வருகிறது. பேத்திக்கு அடுத்த மாதம் பிரசவம். தேனை எடுத்து வைத்துவிட்டேன். பூண்டுக் குழம்பு மட்டும் என் கையால்தான்.

வைகைக்கரை:

பாட்டி, அந்தக் குழம்பு செய்முறையை இங்கே போடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சுருளி, இன்னொன்று. இப்போது எடுத்த அட்டையைப் பத்திரமாக வை, அடுத்த எண்ணை இங்கே வந்து சொல்.

சுருளிச்சாரல் (ஆறு வாரம் கழித்து):

அக்கா, நேற்று பரிசோதனை. 10.6.

டாக்டர் சொன்னபடி இரண்டு மாத்திரை, ஒன்றை ராத்திரி எலுமிச்சைத் தண்ணீரோடும், மற்றதைப் பதினொரு மணிக்கு நெல்லிக்காயோடும் போட்டேன். அந்தப் பதினொரு மணிக்குத்தான் முன்பு மாதுளை. பூச்சி மாத்திரை விட்டுப்போயிருந்தது, அதையும் போட்டாயிற்று. முதல் பத்து நாள் வயிறு கட்டிக்கொண்டு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஊறவைத்த திராட்சைதான் காப்பாற்றியது. முருங்கைக்கீரை இப்போது அத்தையே உருவி வைக்கிறார். சர்க்கரை 118, அதனால் அந்தக் கவலையும் இல்லை. எடை ஆறு கிலோ கூடியிருக்கிறது.

மத்தி மீனுக்குப் போன ஞாயிறு அனுமதி கிடைத்தது. மாமா சந்தையிலிருந்து வாங்கி வந்தார், அத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். முள்ளை அவரே எடுத்து என் தட்டில் வைத்தார்.